லாக் நெஸ் ஏரியில் இறங்கிய வெலிங்டன்: போர்க்காலப் பயிற்சி விமானங்கள் விழுந்தது ஏன்?

ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ ஏதோ ஒரு மலைச்சரிவில் இரண்டாம் உலகப் போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தின் சிதைவுகள் கிடப்பதாகவும், அதில் இறந்த விமானக்குழுவினருக்கு அங்கே நினைவஞ்சலி நடந்ததாகவும் அவ்வப்போது செய்தி வருகிறது. செய்தியின் கடைசிப் பத்திக்கு வரும்போதுதான் அந்த விமானத்தை எதிரி யாரும் சுடவில்லை என்பதும், அது பயிற்சிக்காகப் புறப்பட்டது என்பதும் தெரியவரும். அங்கே வாசகருக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. எதிரியே இல்லாத வானத்தில், சொந்த நாட்டு மண்ணின் மீது, இத்தனை விமானங்கள் எப்படி விழுந்தன? பயிற்சியில் இறந்தவரைப் போரில் இறந்தவர் என்று கணக்கில் கொள்வது சரியா?

இரண்டுக்கும் விடை காண, ஒரே ஒரு விமானத்தின் வரலாற்றைப் பின்தொடர்வது நல்ல வழி. அந்த விமானம் என் 2980 என்ற எண்ணுடைய விக்கர்ஸ் வெலிங்டன், இரண்டு என்ஜின்கள் கொண்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். போரின் முதல் பெரிய வான்சண்டைகளில் ஒன்றில் தப்பிப் பிழைத்து, ஓராண்டு கழித்து ஒரு பயிற்சிப் பறப்பின்போது லாக் நெஸ் ஏரியில் மூழ்கியது. முதல் நிகழ்ச்சிக்கும் இரண்டாவதற்கும் தொடர்பு உண்டு என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

1940 டிசம்பர் 31: நடந்தது என்ன?

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள லாஸிமவுத் விமானத்தளத்திலிருந்து, ஆண்டின் கடைசி நாளில், எட்டுப் பேருடன் அந்த வெலிங்டன் புறப்பட்டது. விமானத்தின் அடையாள எழுத்து ‘ஆர்’. தளத்தில் இருந்தது 20ஆம் எண் போர்ப்பணிப் பயிற்சிப் பிரிவு. தலைமை விமானி, ஸ்குவாட்ரன் லீடர் என்ற பதவியில் இருந்த நைஜல் மார்வுட்-எல்ட்டன். அன்றைய வேலை வழிகண்டறியும் பயிற்சி, அதாவது வரைபடமும் கணக்கும் கொண்டு ஒரு சுற்றுப்பாதையில் சென்று திரும்புவது.

தெற்கே மொனாலியா மலைத்தொடரின் மேல் பறந்தபோது பனிப்புயல் சூழ்ந்துகொண்டது. இரண்டு என்ஜின்களில் ஒன்று செயலிழந்தது. உயரம் குறையத் தொடங்கியது. கீழே மேகம், மேகத்துக்குள் மலை. தலைமை விமானி மற்றவர்களைப் பாராசூட்டில் குதிக்கும்படி உத்தரவிட்டார். ஆறு பேர் குதித்தார்கள். வால்பகுதித் துப்பாக்கி வீரரான சார்ஜன்ட் ஃபென்சம் மட்டும், பாராசூட் பழுதுபட்டதால், உயிரிழந்தார்.

ஆறு பேரும் போனபின் மேகத்தின் இடைவெளி ஒன்றில் நீண்ட நீர்ப்பரப்பு தெரிந்தது. அது லாக் நெஸ். விமானத்தில் எஞ்சியிருந்த இரு விமானிகளும் ஏரியின் மீது அதை இறக்கி, இறக்கை வழியே வெளியேறி, காற்றடைத்த மிதவைப் படகில் கரை சேர்ந்தார்கள். சாலையில் வந்த ஒரு லாரி அவர்களை இன்வெர்னெஸ் நகருக்கு ஏற்றிச் சென்றது. விமானம் ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில் போய் அமர்ந்தது.

குதித்தவர்களில் ஒருவர் இறந்ததும், குதிக்காமல் தங்கிய இருவர் பிழைத்ததும் பார்ப்பவருக்கு முரணாகத் தோன்றலாம். குதிக்கச் சொன்ன உத்தரவு தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. மேகத்துக்குள் உயரம் இழந்துகொண்டிருக்கும் விமானத்தில், அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாத நிலையில், குதிப்பதுதான் பிழைக்கும் வாய்ப்பை மிகுதியாகத் தரும் வழி. ஏரி அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

விமானக்குழு: யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்?

குண்டுவீச்சு விமானத்தில் உயிர் பிழைப்பது பெரும்பாலும் இருக்கையைப் பொறுத்தது. வெலிங்டனின் நீளம் ஏறக்குறைய 20 மீட்டர். மூக்கில் ஒரு துப்பாக்கிக் கூண்டு. அதை அடுத்து விமானி. அவருக்குப் பின்னால் கம்பியில்லாத் தந்தி இயக்குபவரும், மேசையும் வரைபடமுமாக நேவிகேட்டரும் (வழி கண்டறிபவர்). இவர்கள் அனைவரும் ஒருவரை ஒருவர் தொட்டுக் கூப்பிடும் தொலைவில் இருப்பவர்கள். முன்பகுதி வெளியேறும் வழியும் இவர்களுக்குப் பக்கத்தில்தான்.

வால்துப்பாக்கி வீரர் தனித்தவர். அவருக்கும் மற்றவர்களுக்கும் இடையே உள்ளீடற்ற நீண்ட உடற்பகுதி கிடக்கும். பேச்செல்லாம் காதில் மாட்டிய ஒலிக்கருவி வழியாகத்தான். கூண்டு அவ்வளவு குறுகல் என்பதால் பாராசூட் பொதியை அணிந்துகொண்டு உள்ளே உட்கார முடியாது. பொதி கூண்டுக்கு வெளியே, உடற்பகுதியில் மாட்டப்பட்டிருக்கும். குதிக்க உத்தரவு வந்தால் அவர் கூண்டின் கதவைத் திறந்து, பின்னால் கையை நீட்டிப் பொதியை எடுத்து, மார்புக் கொக்கிகளில் மாட்டி, பிறகு வெளியேற வேண்டும். இத்தனையும் தடித்த கையுறையுடன், சாய்ந்தும் குலுங்கியும் போகும் விமானத்தில். பயிற்சியில் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்ததை உண்மையில் முதன்முறையாகச் செய்யும் நேரமும் பெரும்பாலும் அதுதான்.

1940இல் வெலிங்டனில் வழக்கமாக ஆறு பேர் கொண்ட குழு பறந்தது. அவர்களில் இருவர் விமானிகள். 1942இல் இந்த அமைப்பு மாறியது. இரண்டாம் விமானியின் இடம் நீக்கப்பட்டது. நேவிகேட்டரின் வேலையிலிருந்து குண்டை இலக்கு பார்த்து விடும் பணி தனியே பிரிக்கப்பட்டது. நான்கு என்ஜின் விமானங்களில் விமானப் பொறியாளர் ஒருவர் சேர்க்கப்பட்டார். லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் விமானங்களின் ஏழு பேர் கொண்ட குழு இப்படித்தான் அமைந்தது. இரண்டாம் விமானியை எடுத்ததற்குக் காரணம் எளிது: ஒரு விமானத்துக்கு இரண்டு விமானிகளைப் பயிற்றுவிக்கும் அளவுக்கு நேரமும் விமானமும் இல்லை. ஆனால் ஒரே விமானி மயங்கினாலோ இறந்தாலோ மற்ற ஆறு பேருக்கும் மாற்று இல்லை என்பது அதன் மறுபக்கம்.

பயிற்சி என்று எதைச் சொன்னார்கள்?

பறக்கக் கற்பது வேறு, போர் விமானத்தைக் குழுவாக இயக்கக் கற்பது வேறு. போர்க்காலப் பயிற்சி விபத்து என்றவுடன் சிறு விமானத்தில் தடுமாறும் மாணவரை நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே பேசப்படும் விபத்துகளில் பெரும்பாலானவை அந்த நிலையைத் தாண்டியவர்களுக்கு நேர்ந்தவை. படிநிலைகள் இவை.

1. தொடக்கப் பயிற்சியும் தனித்துறைப் பயிற்சியும். விமானி, நேவிகேட்டர், துப்பாக்கி வீரர் என ஒவ்வொருவரும் தத்தம் பள்ளியில் தேர்ச்சி பெறுவார்கள். 1939 டிசம்பரில் கையெழுத்தான காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டத்தின்படி இதில் பெரும்பகுதி கனடாவுக்கு மாறியது. அங்கு மட்டும் 1,30,000க்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றார்கள். கனடாவில் பகைவிமானம் கிடையாது, இருட்டடிப்பும் (பகைவிமானத்துக்குத் தெரியாதபடி இரவில் விளக்குகளை மறைப்பது) கிடையாது.

2. போர்ப்பணிப் பயிற்சிப் பிரிவு. பல நாடுகளிலிருந்து வந்த இந்தத் தனிநபர்கள் குழுவாக மாறுவது இங்கே. பின்னாளில் நிலைபெற்ற வழக்கம் வியப்பானது: ஒவ்வொரு துறையிலும் சம எண்ணிக்கையில் ஆட்களை ஒரு பெரிய கொட்டகைக்குள் விட்டு, நீங்களே பேசிக் குழு சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். படைத்துறையில் வேறெங்கும் காணாத இந்தச் சுதந்திரம் நன்றாகவே வேலை செய்தது. பிறகு போர்முனையிலிருந்து ஒதுக்கப்பட்ட வெலிங்டன், விட்லி, ஹாம்ப்டன் விமானங்களில் இரவும் பகலும் பறப்பு.

3. கனரக விமானத்துக்கான மாற்றுப் பயிற்சிப் பிரிவு. இரண்டு என்ஜினிலிருந்து நான்கு என்ஜினுக்குச் செல்லும் படி. பொறியாளர் குழுவில் சேர்வது இங்கேதான்.

இரண்டாம் படியிலிருந்து மேலே செல்லச் செல்ல, பயிற்சிக்கும் போருக்கும் இடையே உள்ள கோடு மங்கிவிடும். பயிற்சியின் முடிவில் குழுக்கள் பிரான்சின் மேல் துண்டுப்பிரசுரம் போட அனுப்பப்பட்டன. எதிரியின் பீரங்கிக்கு அது பயிற்சி விமானம் என்று தெரியாது. 1942 மே 30 இரவு கொலோன் நகரின் மீது 1,047 விமானங்கள் ஏவப்பட்டபோது, அந்த எண்ணிக்கையை எட்டுவதற்காகப் பயிற்சிப் பிரிவுகளின் விமானங்களையும் சேர்த்தார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படி வந்தவை. மாணவர்களும் அதில் பறந்தார்கள்.

இரவையும் மேகத்தையும் தேடிப் போனது ஏன்?

வானிலை மோசமானால் பயிற்சியை நிறுத்தியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. விடை என் 2980 விமானத்தின் முந்தைய வாழ்விலேயே இருக்கிறது.

1939 நவம்பரில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஆலையில் கட்டி முடிக்கப்பட்ட இந்த விமானம், 149ஆம் ஸ்குவாட்ரனில் (போர்முனை விமானப் பிரிவு) சேர்ந்த சில வாரங்களில், டிசம்பர் 18 அன்று ஜெர்மனியின் வடகடல் கரைக்கு அனுப்பப்பட்டது. குண்டுவீச்சு விமானங்கள் நெருக்கமான அணியாகப் பறந்தால், தங்கள் துப்பாக்கிகளாலேயே தங்களைக் காத்துக்கொள்ளும் என்பது அன்றைய கொள்கை. காவல் விமானங்கள் உடன் செல்லவில்லை. வானம் தெளிவாக இருந்தது. இலக்குப் பகுதியை அடைந்த 22 வெலிங்டன்களில் 12 திரும்பவில்லை. திரும்பியவற்றில் என் 2980 ஒன்று.

அந்த ஒரு நாளின் இழப்பும், அதே மாதத்தின் மற்ற இழப்புகளும் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையைப் பகலிலிருந்து இரவுக்குத் தள்ளின. ஆனால் இரவில் பறப்பது என்று முடிவெடுத்தவர்களிடம் இரவில் வழி கண்டுபிடிக்கும் திறமை இல்லை. 1941 ஆகஸ்டில் பட் என்ற அரசு அதிகாரி அளித்த அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களின் ஒளிப்படங்களை ஆராய்ந்தது. மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் சென்றிருந்தது. ஆகவே நேவிகேட்டர்களை மேகத்திலும் இருளிலும் பழக்குவது பயிற்சியின் மையமாயிற்று. தெளிந்த வானத்தில் மட்டும் பழகியவர் ஜெர்மனி வரை போய்த் திரும்ப முடியாது. பகற்போரில் தப்பிய விமானம், அந்தப் பகற்போரின் விளைவால் பெருகிய வழிகண்டறியும் பயிற்சியில் மடிந்தது. தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

விமானங்கள் விழுந்ததற்கான காரணங்கள்

விபத்துக்குக் காரணம் ஒன்றாக இருப்பது அரிது. தனித்தனியே தாங்கக்கூடிய இரண்டு மூன்று கோளாறுகள் ஒரே மணி நேரத்தில் கூடும்போதுதான் விமானம் விழுகிறது.

முதலாவது, தேய்ந்த விமானங்கள். முன்னணிப் படைக்குப் புதியவை சென்றன. பழையவை பயிற்சிக்கு வந்தன. என் 2980 ஸ்குவாட்ரன் ஒன்றில் சண்டையிட்டு, 37ஆம் ஸ்குவாட்ரனில் மேலும் பல இரவுத் தாக்குதல்களில் பறந்து, 1940 அக்டோபரில் லாஸிமவுத்துக்கு வந்து சேர்ந்தது. பயிற்சித் தளத்தில் வேலை குறைவதில்லை, கூடும்: மாணவர்கள் ஒரே நாளில் பலமுறை ஏற்றி இறக்குவார்கள், ஒவ்வொரு முறையும் என்ஜின் முழு வேகத்தில் உறுமும், சக்கரம் முரட்டுத்தனமாகத் தரையைத் தொடும். உதிரிபாகங்களுக்கு முன்னுரிமையும் முன்னணித் தளங்களுக்கே.

இரண்டாவது, ஒற்றை என்ஜின். இரண்டு என்ஜின் விமானத்தில் ஒன்று போனால் பாதிச் சக்தி மீதமிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மீதமிருப்பது அதைவிடக் குறைவு. நின்றுபோன என்ஜினின் விசிறி காற்றில் சுழன்று விமானத்தைப் பின்னிழுக்கும். ஓடும் என்ஜின் ஒரு பக்கமாகத் தள்ளுவதால் விமானத்தை நேராக வைத்திருக்கவே சுக்கானைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அதுவும் இழுவையைக் கூட்டும். பிற்கால விமானங்களில் நின்ற விசிறியின் தகடுகளைக் காற்றுக்கு இணையாகத் திருப்பிவிடும் வசதி வந்தது. தொடக்ககால வெலிங்டன்களில் அது இல்லை. எட்டுப் பேரையும் எரிபொருளையும் சுமந்து, இறக்கையில் பனி படிந்த நிலையில், ஒற்றை என்ஜினால் தாங்கக்கூடிய உயரம் மலையின் உயரத்துக்குக் கீழே போய்விடுகிறது.

மூன்றாவது, பனிப்படிவு. ஈரமேகத்தில் நீர் இறக்கையில் உறைந்தால் எடை கூடுவது ஒரு தொல்லை. இறக்கையின் வளைவு மாறித் தூக்குவிசை குறைவது பெரிய தொல்லை. என்ஜினுக்குக் காற்றும் எரிபொருளும் கலந்து செல்லும் கார்புரேட்டரிலும் பனி அடைக்கும். அப்போது பழுதே இல்லாத என்ஜினும் இருமி நின்றுவிடும்.

நான்காவது, வழித்தவறு. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மலையில் மோதிய விமானங்களில் பல நல்ல நிலையில் பறந்துகொண்டிருந்தவை. நேவிகேட்டரின் அடிப்படைக் கணக்கு இதுதான்: இந்த வேகத்தில், இந்தத் திசையில், இத்தனை நிமிடம் பறந்தோம், ஆகவே இங்கே இருக்கிறோம். காற்று அதைக் கெடுக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் குறுக்குக்காற்றைக் கணக்கில் எடுக்கத் தவறினால், ஒரு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர் விலகிவிடலாம். தரை தெரிந்தால் ஆறு, ரயில்பாதை, கடற்கரை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மேகத்துக்கு மேலே அல்லது இருட்டடிப்புச் செய்த நாட்டின் மேலே திருத்த எதுவும் இல்லை. கடலின் மேல் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் மேகத்துக்குக் கீழே இறங்குபவர், மலையை ஒரு நொடி முன்புதான் காண்பார்.

உயரமானியும் உதவாது. அது தரையிலிருந்து உயரத்தை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து உயரமாகக் காட்டுகிறது. தாழ்வழுத்தப் பகுதிக்குள் நுழைந்தால், ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய எட்டு மீட்டர் வீதம், இருப்பதைவிட உயரமாகக் காட்டும். புயல் என்பதே தாழ்வழுத்தம். ஆகவே பார்வை மறைக்கும் அதே வானிலைதான் கருவியையும் பொய் சொல்ல வைக்கிறது. லாஸிமவுத், கின்லாஸ் போன்ற தளங்களின் கடலோரத்தில் வானிலை ஓரளவு மிதமானது. பயிற்சிக்கு அவற்றைத் தேர்ந்தெடுத்ததில் பொருள் உண்டு. ஆனால் சில பத்துக் கிலோமீட்டர் தெற்கிலும் மேற்கிலும் ஸ்காட்லாந்தின் உயர்ந்த மலைகள் நிற்கின்றன.

ஐந்தாவது, அனுபவக் குறைவும் களைப்பும். மாணவர்களுக்கு அனுபவம் இல்லை. ஆசிரியர்களோ பலர் போர்முனையில் தங்களுக்கு விதிக்கப்பட்ட தாக்குதல் பறப்புகளை முடித்து ‘ஓய்வு’க்காகப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஜெர்மனியின் மேல் பிழைத்தவர்கள் மாணவரின் கைப்பிழையால் இங்கே இறந்ததும் உண்டு. அவர்களில் பலருக்குக் கற்பிக்கும் பயிற்சி அளிக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மலையிலேயே அடக்கமான குழு

என் 2980 விபத்தில் எட்டுப் பேரில் ஏழு பேர் பிழைத்தது விதிவிலக்கு. விதி எப்படி இருக்கும் என்பதற்கு மூன்றரை மாதம் கழித்து நடந்த வேறொரு நிகழ்ச்சி சான்று.

1941 ஏப்ரல் 13 அன்று, லாஸிமவுத்துக்கு அருகிலுள்ள கின்லாஸ் தளத்தின் 19ஆம் பயிற்சிப் பிரிவிலிருந்து ஆறு பேருடன் ஒரு ஆன்சன் விமானம் வழிகண்டறியும் பயிற்சிக்குப் புறப்பட்டது. ஆன்சன் சிறிய, பழைய இரட்டை என்ஜின் விமானம். குண்டுவீச்சுக் குழுக்களைப் பழக்குவதற்காகவே அதிகம் பயன்பட்டது. விமானி வான்படை வீரப் பதக்கம் பெற்ற அனுபவசாலி. வடமேற்கு ஸ்காட்லாந்தில் பென் மோர் அசின்ட் மலையின் மேல் பனிப்புயலில் சிக்கிய விமானம், மலைமேட்டில் மோதியது. தேடியும் கிடைக்கவில்லை. பனி உருகியபின், மே 25 அன்றுதான் சிதைவும் உடல்களும் கண்டுபிடிக்கப்பட்டன. ஆறு பேரும் இறந்திருந்தார்கள்.

அவ்வளவு தொலைவான, உயரமான இடத்திலிருந்து உடல்களை இறக்க இயலாமல் அங்கேயே அடக்கம் செய்து கற்குவியல் எழுப்பினார்கள். போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்தின் பொறுப்பில் உள்ள கல்லறைகளில் இவ்வளவு தனிமையில் உள்ளவை பிரிட்டனில் அரிது. காலப்போக்கில் கற்குவியல் சரியவே, 2013இல் ஏறக்குறைய 600 கிலோ எடையுள்ள கிரானைட் கல்லை விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் தூக்கிச் சென்று அங்கே வைத்தது.

எத்தனை பேர்?

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் போர் முழுவதும் ஏறக்குறைய 1,25,000 விமானக்குழுவினர் பணியாற்றினர். 55,500 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களில் 8,000க்கும் மேற்பட்டோர் தாக்குதல் பறப்புகளுக்கு வெளியே, பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் இறந்தவர்கள். தோராயமாக ஏழில் ஒருவர். அமெரிக்காவின் கணக்கு இன்னும் பெரிது: அமெரிக்க இராணுவ விமானப்படை தன் சொந்த நாட்டு எல்லைக்குள் மட்டும் ஏறக்குறைய 15,000 பேரை விபத்துகளில் இழந்தது.

ஏழில் ஒருவர் என்ற விகிதத்தை மேலோட்டமாகப் படித்தால், மற்ற ஆறு பேரின் பெரிய எண்ணிக்கையில் இது சிறிதாகத் தெரியும். ஆனால் இந்த 8,000 பேரின் பெரும்பகுதியினர் எதிரி நாட்டை ஒருமுறைகூடக் காணாதவர்கள். படை எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்று முடிவெடுக்கும்போதே, பயிற்சிக்கு எத்தனை மணி நேரம், எந்த விமானம், எந்த வானிலை வரை என்ற முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. பயிற்சியை நீட்டினால் விபத்து குறையும், படைக்கு ஆள் போதாது. குறுக்கினால் ஆள் சேரும், அவர்களில் சிலர் வழியிலேயே இறப்பார்கள், எஞ்சியவர்களில் சிலர் பயிற்சி போதாமையால் ஜெர்மனியின் மேல் இறப்பார்கள். இந்தப் பேரம் மேசைகளில் தெரிந்தே நடந்தது. ஆகவே பயிற்சி இறப்புகளைத் துரதிருஷ்டம் என்ற தலைப்பில் போடுவது பொருந்தாது என்பது என் கருத்து.

எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

ஆவணங்களில் இரண்டு வகை இறப்புகளும் வேறுபடுத்தப்பட்டன, கல்லறையில் வேறுபடுத்தப்படவில்லை. குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு இங்கேதான் குழப்பம் வருகிறது.

1. விமானத்தின் நடமாட்ட அட்டை, படிவம் 78. எந்த விமானம் எந்தப் பிரிவுக்கு எப்போது சென்றது, எப்படி முடிந்தது என்பது இதில் இருக்கும். போரில் இழந்ததா, விபத்தில் இழந்ததா என்பதற்குச் சுருக்கெழுத்துக் குறியீடுகள் உண்டு.

2. விபத்து அட்டை, படிவம் 1180. விபத்தின் சுருக்கமும் காரணமும் இதில். அட்டை சிறியது, எழுதுபவருக்கு நேரமும் குறைவு. விமானியின் பிழை என்ற முடிவு இவற்றில் அடிக்கடி தென்படும். மறுத்துப் பேசக் குழுவில் யாரும் உயிரோடு இல்லாதபோது அந்த முடிவை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

3. பிரிவின் நாட்பதிவு, படிவம் 540. ஸ்குவாட்ரன்களின் பதிவுகள் பெரும்பாலும் விரிவானவை. பயிற்சிப் பிரிவுகளின் பதிவுகளில் ஒரு விபத்து இரண்டு வரியில் முடிந்துவிடும்.

4. கல்லறைப் பதிவு. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப்பணியில் இருந்தபடி இறந்த எவரும், இறந்த விதம் எதுவானாலும், காமன்வெல்த் ஆணையத்தின் கணக்கில் போரில் இறந்தவரே. கல்லின் வடிவமும் உயரமும் ஒன்றே.

லிங்கன் நகரில் 2018இல் திறக்கப்பட்ட குண்டுவீச்சுப் படை நினைவு மையத்தின் சுவர்களிலும் ஏறக்குறைய 58,000 பெயர்கள் இந்த வேறுபாடு இல்லாமலே பொறிக்கப்பட்டுள்ளன. ஆக, இரண்டாவது ஐயத்துக்கான அதிகாரபூர்வ விடை ‘ஆம்’. கொலோனுக்கு அனுப்பப்பட்ட பயிற்சி விமானங்களை நினைத்தால், வேறு விடை சொல்வது நடைமுறையிலும் கடினம்.

பின்விளைவுகள்

விபத்துகளிலிருந்து உடனடியாகப் பிறந்த ஒன்று விமானப்படையின் மலைமீட்புச் சேவை. வடக்கு வேல்ஸில் லேண்ட்ரூக் தளத்தின் மருத்துவ அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கிரஹாம், மலையில் விழுந்த பயிற்சி விமானங்களுக்கு உதவி போய்ச் சேருமுன் காயம்பட்டவர்கள் குளிரில் இறப்பதைக் கண்டு, தளத்தின் ஆட்களைக் கொண்டே மீட்புக்குழு அமைத்தார். கையிலிருந்த வண்டி, கையிலிருந்த கயிறு என்று தொடங்கிய அந்த முயற்சியை விமானப்படை 1943இல் முறையான சேவையாக ஏற்றது. பிற்காலத்தில் மலையேறும் பொதுமக்களையும் அது மீட்டது.

என் 2980 தற்செயலாக மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. 1976இல் லாக் நெஸ் ஏரியின் புகழ்பெற்ற ‘மிருகத்தை’ ஒலியலைக் கருவியால் தேடிக்கொண்டிருந்த அமெரிக்கக் குழு, அடியில் ஒரு விமானத்தைக் கண்டது. முதலில் அதைக் கடற்படைப் பணிக்கான கட்டலினா விமானம் என்று நினைத்தார்கள். பின்னர் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் ஆய்வில் வெலிங்டன் என்று உறுதியாயிற்று. 1985 செப்டம்பரில் முதல்முறை தூக்கியபோது தூக்குச்சட்டம் வளைந்துவிட்டது; செப்டம்பர் 21 அன்று வெற்றி கிட்டியது. துணி உறை போயிருந்தாலும், பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த பின்னல்போன்ற உலோகச் சட்டகம் பெருமளவு நிலைத்திருந்தது. குளிர்ந்த நன்னீர் பலவற்றைக் காத்திருந்தது. புதிய மின்கலத்தை இணைத்தபோது வால்விளக்கு எரிந்தது. கட்டப்பட்ட 11,461 வெலிங்டன்களில் இன்று முழுமையாக எஞ்சியவை இரண்டே. அவற்றில் போரில் குண்டுவீசியது இது ஒன்றுதான். தான் பிறந்த புரூக்லண்ட்ஸில் உள்ள அருங்காட்சியகத்தில் அது இப்போது இருக்கிறது.

இன்று அப்படி ஒரு விமானத்தை விருப்பம்போல் தூக்கிவிட முடியாது. அடுத்த ஆண்டே, 1986இல், பிரிட்டனில் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. படைப்பணியில் விழுந்த விமானத்தின் சிதைவு, போரில் விழுந்ததானாலும் பயிற்சியில் விழுந்ததானாலும், தானாகவே இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது. தோண்டவோ நகர்த்தவோ பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். மலையேறப் போனவர் ஒரு துண்டு அலுமினியத்தை நினைவாக எடுத்து வருவதும் குற்றம். மனித உடலின் எச்சமோ வெடிக்காத குண்டோ இருக்கக்கூடும் என்று கருதப்படும் இடங்களுக்கு உரிமம் பொதுவாகத் தரப்படுவதில்லை.